பதினெட்டுக் குதிரைத் திறன்

"டமார்!"

1987-ஆம் வருடத்து மே மாதக் காலை ஒன்றில், சரியாக ஏழே காலுக்கு எழுந்த இந்தச் சத்தத்தை உலக மோட்டார் வரலாற்றின் திருப்புமுனை என்று சொன்னால் அது மிகையாகாது. பெரிய கண்டுபிடிப்புகளுக்கு எங்கேயாவது ஏதாவது விழ வேண்டும், வெடிக்க வேண்டும். எங்கள் மேட்டுச்சேரி பேரூராட்சிக்கு ஒரு ஜீப் நசுங்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். பேரூராட்சியின் ஒரே தண்ணீர் லாரி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறி, மூச்சு வாங்கி, மனம் மாறி, பின்னோக்கி உருண்டு வந்து, நிர்வாக அதிகாரி பக்தவத்சலம் அவர்களின் ஜீப்பின் மூக்கில் உட்கார்ந்தது. ஜீப்புக்குள் அதிகாரியும், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய குமாஸ்தாவான நானும் இருந்தோம்.

லாரி பாலம் ஏறாதது அன்று புதிதல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை நகர். ஏரி எப்போதோ வற்றிவிட்டது. பெயரில் மட்டும் ஈரம் இருந்தது. அங்கே இருந்த நூற்றிருபது வீடுகளுக்கும் லாரித் தண்ணீர்தான். லாரி ஏறாத நாட்களில் பெண்கள் குடத்தோடு பாலம் ஏறி இறங்கி இந்தப் பக்கம் வருவார்கள். மூன்று மாதமாக மனு கொடுத்தார்கள். எல்லா மனுவும் "பரிசீலனையில்" இருந்தது. ஜீப் நசுங்கிய அன்று பிற்பகலே "இழுவைத் திறன் மேம்பாட்டுக் குழு" அமைந்துவிட்டது. நிர்வாகம் மெத்தனமானது என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

குழுத் தலைவர், பக்தவத்சலம். செயலாளர், நான். "தொழில்நுட்ப ஆலோசகர்", கலியமூர்த்தி. ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் இடத்தில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேன்டீனில்தான். ஆனாலும் பீரங்கி வண்டிகள் போகும் சத்தத்தைத் தினமும் கேட்டவர்.

முதல் கூட்டத்துக்கு, குமணன்சாவடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கன்னியப்பனை அழைத்திருந்தோம். அவர் லாரியின் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"இது உள்ள கீறது இஞ்சினே இல்ல சார். தேஞ்சிப் போன பம்பு செட்டு. வேற இஞ்சின் போடுங்க. இல்லாங்காட்டி பாதித் தண்ணி ஏத்திகினு ரெண்டு நட அடிக்கச் சொல்லுங்க."

"இதைத் தவிர வேறு யோசனை?" என்றார் தலைவர்.

"வேற யோசன இருந்தா நான் ஏன் சார் கிரீஸ் கையோட குந்திகினு கீறேன்? உங்க பக்கத்துல சேர் போட்டுல்ல குந்தியிருப்பேன்!"

இன்ஜின் மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். கேட்டால், இருக்கிற இன்ஜின் எப்படித் தேய்ந்தது என்று மேலிடம் கேட்கும். இரண்டு நடை என்றால் இரண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே கன்னியப்பனின் கருத்து "அவநம்பிக்கை ஊட்டுவது" என்று ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

அதன் பிறகு குழு விஞ்ஞானத்தில் இறங்கியது.

"சைலன்சர்னா என்ன சார்? வாயைப் பொத்தறது. வாயைப் பொத்தினா ஆள் எப்படி ஓடுவான்?" என்றார் கலியமூர்த்தி. சைலன்சரைக் கழற்றினோம். சத்தம் மூன்று மடங்கானது. எனவே சக்தியும் மூன்று மடங்கு என்று குறிப்பெழுதினேன். அலுவலகங்களில் இது ஏற்கெனவே நிரூபணமான விதி.

அடுத்து, கரையான்சாவடியிலிருந்து பெயிண்டரை வரவழைத்து, தண்ணீர்த் தொட்டியின் இரு பக்கமும் பாய்கிற குதிரை வரையச் சொன்னோம். இடப்பக்கக் குதிரை, லாரியின் பின்புறத்தை நோக்கிப் பாய்வதாக அமைந்துவிட்டது. அதனால் ஏற்படக்கூடிய சக்தி இழப்பைச் சரிக்கட்ட வலப்பக்கம் இன்னொரு குதிரை சேர்க்கப்பட்டது.

டிரைவர் துலுக்கானம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "குதிர சோக்கா கீது சார். ஆனா பெயிண்டும் வெயிட்டுதானே?" என்றார். ஓட்டுகிறவர்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

சோதனை ஓட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டினோம். மறுநாள் ஏரிக்கரை நகர் வேம்புலியம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார் நோட்டீசு? படிச்சிச் சொன்னாங்கோ, ஒண்ணும் பிரியல."

"சோதனை ஓட்டம்மா. லாரி பாலம் ஏறினா உங்களுக்குத் தண்ணீர் தொடரும்."

"ஏறலன்னா?"

"காலவரையின்றி ஒத்திவைக்கப்படும்."

"தாகத்த எங்க சார் ஒத்தி வெக்கிறது?"

விதிமுறைகளில் இதற்கு இடமில்லாததால் கோப்பை மூடினேன். அவள் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தாள். வலப்பக்கத்து இரண்டு குதிரைகளையும் பார்த்தாள். "எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சோதனை நாள். பாலத்தின் உச்சியில் பந்தல், நாற்காலி, கலர் சோடா, தலைவர், ஆலோசகர். அடிவாரத்தில் கொடியுடன் நான். லாரி நிறையத் தண்ணீர். கொடியை அசைத்தேன். சத்தம் அம்பத்தூர் வரை கேட்டிருக்கும். புகை பின்னால் திரை போல எழுந்தது. கால்வாசி ஏறியதும் லாரி இருமத் தொடங்கியது.

அப்போது பாலத்தின் பக்கச் சுவருக்குப் பின்னாலிருந்து ஏரிக்கரை நகர்ப் பெண்கள் வந்தார்கள். குடங்களைக் கீழே வைத்தார்கள். சேலையை இழுத்துச் செருகினார்கள். லாரியின் பின்புறத்தில் கை வைத்தார்கள். அரசு வாகனத்தைத் தொட்டு வழியனுப்புவது அந்தப் பகுதி மக்களின் பண்பாடு போலும். உடம்பைச் சாய்த்து, பல்லைக் கடித்து, பாலம் முழுக்க வழியனுப்பினார்கள்.

"ஏ கெங்கம்மா! லாரிய தடவிக் குடுத்துகினு கீறியா? தள்ளுமே!" இது வேம்புலியம்மாள்.

"தள்ளிகினுதான் கீறேன்! உன் மருமவள கேளு, வளையலு ஒடஞ்சிடும்னு வெரலால தள்றா!"

"பேசாதீங்கடி, மூச்சு போவுது! நைனா துலுக்கானம், வண்டிய பின்னால வுட்ட, நாங்க செத்தோம்! அப்பால ஆவியா வந்து உன் ஊட்டாண்டதான் நிப்போம்!" மறுபடி வேம்புலியம்மாள்.

கொடியோடு நான் பின்னாலேயே நடக்க, நான்கு நிமிடம் பத்து வினாடியில் லாரி உச்சியைத் தொட்டது. பெண்கள் கைப்பிடிச் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியான குப்பம்மாவின் வெறுங்காலில் தார் ஒட்டித் தோல் உரிந்திருந்தது. இது அறிக்கையின் வரம்புக்குள் வராது.

"என்ன பவர்! என்ன பவர்!" என்று பக்தவத்சலம் லாரிக்கு மாலை போட்டார். இன்ஜினில் பதினெட்டுக் குதிரைத் திறன் கூடியிருப்பதாக, விரல் விட்டு எண்ணிக் கலியமூர்த்தி அறிவித்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. அடிவாரத்தில் நின்று நான் எண்ணியபோதும் பதினெட்டுதான் வந்தது.

மூன்று வாரம் தினமும் லாரி ஏறியது. தினமும் வழியனுப்பு விழா நடந்தது. ஏரிக்கரை நகரில் சோறு வெந்தது, குழந்தைகள் குளித்தன.

நான்காவது வாரம் அலுவலர் குடியிருப்புக் கிணறு வற்றியது. அவசரக் கூட்டத்தில், "இத்தனை சக்தி வாய்ந்த வாகனத்தை ஒரு சாதாரணப் பாலத்தில் வீணடிக்கலாகாது" என்று தீர்மானம் நிறைவேறியது. எழுதியது நான்தான், நல்ல நடை. லாரி அன்றிலிருந்து கால்வாய்ப் பாலம் தாண்டி அலுவலர் குடியிருப்புக்குப் போக வேண்டும். ஏரிக்கரை நகர் "பின்னர் கவனிக்கப்படும்".

மறுநாள் காலை கால்வாய்ப் பாலத்தில் லாரி பாதி ஏறி நின்றது. துலுக்கானம் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார். குடியிருப்பு வாசலில் அதிகாரிகள் பிளாஸ்டிக் வாளியோடு வரிசையில் நின்றார்கள். யாரும் வழியனுப்பவோ வரவேற்கவோ லாரியைத் தொடவில்லை. தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாகப் பக்தவத்சலம் பாலத்துக்கே ஓடி வந்தார்.

"யோவ் துலுக்கானம்! நாங்க ஏத்தி வெச்ச பவரெல்லாம் எங்கேய்யா போச்சு?"

"எங்கியும் போவல சார். பதினெட்டு பேரும் ஏரிக்கர நகர்லயே காலிக் கொடத்தோட நின்னுகினு கீறாங்கோ."