ஜன்னல் வழியாக வந்த சம்பந்தி

பிள்ளை வளர்ப்பைப் பற்றி உறுதியான கருத்து வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. பிள்ளையே இல்லாதவர்கள் ஒரு வகை. தங்கள் பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்துப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. முப்பது வயதில் நான் இரண்டாவது வகையில் தலைவன் மாதிரி இருந்தேன்.

அப்போது மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் ரயில்வேயில் கிராணி, அதாவது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். வீட்டில் என் மனைவி சிவகாமி, என் தங்கை லட்சுமி, இரண்டே கால் வயது மகன் கதிரேசன். கதிரேசன் நடக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. தவழ்வதை விட்ட அன்றே ஓடத் தொடங்கிவிட்டான். அவனைத் துரத்தித் துரத்தியே சிவகாமி பாதியாக இளைத்திருந்தாள். நானோ அவனைத் தூங்கும்போதுதான் அதிகம் பார்த்திருந்தேன். ஆகவே பிள்ளையை அடக்குவது எப்படி என்று ஆபீசில் எல்லோருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் அப்பாவும் இல்லாததால் லட்சுமிக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. கிள்ளானில் ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை பெயர் வேலாயுதம். பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற உத்தியோகம். தாயும் மகனும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைப் பார்த்துப் பேசிவிட்டு வருவது என்று முடிவானது.

கதிரை லட்சுமியிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று சிவகாமி மூன்று முறை சொன்னாள். பிள்ளை நாலு மனிதர்களைப் பார்த்தால்தான் மரியாதை பழகும் என்று நான் மூன்று முறை மறுத்தேன். (இதை அவள் இன்றைக்கும் தேதி வாரியாகச் சொல்வாள்.)

ரயிலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி புறப்படும் முன்பே எங்கள் பெட்டியில் இருந்த எல்லாப் பெஞ்சுகளுக்கும் அடியில் கதிரேசன் போய் வந்துவிட்டான். ஒரு சீனக் கடை முதலாளியின், அந்த ஊர்ப் பேச்சில் தவுக்கேயின், குடையை எடுத்துக்கொண்டு ஓடினான். அவர் சிரித்தார். இரண்டாம் முறை எடுத்தபோது சிரிக்கவில்லை. ஒரு மலாய் அம்மாள் அவன் கையில் வாழைப்பழம் கொடுத்தார். அதில் பாதி அவன் வாய்க்குள் போனது. மீதிப் பாதி என் வெள்ளைக் கோட்டுக்கு வந்தது. கிள்ளானில் இறங்கியபோது, பெண் கேட்டவர்களிடம் கறாராக நிற்க வேண்டிய அண்ணன், அடிபட்டு வந்தவன் மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளை வீடு சின்னப் பலகை வீடு. பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்காரவைத்துவிட்டு, சாமிக்குப் படைத்துவிட்டுப் பலகாரம் தருவதாகச் சொன்னார். வேலாயுதம் சலவைக் கோட்டும் வேட்டியுமாக எதிரில் உட்கார்ந்தார். நான் அவரை விசாரிக்கத் தொடங்கினேன். விசாரணை என்றால் சாதாரண விசாரணை இல்லை. துரை என்னை எப்படிக் கேள்வி கேட்பாரோ அப்படி.

மலேரியாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கொய்னா" என்றார்.

அவ்வளவுதான். ஒரே சொல். நானாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன் (மருந்து தெரியாவிட்டாலும்). இன்னும் நாலைந்து கேள்வி கேட்டேன். நாலைந்து சொற்கள் கிடைத்தன. இந்த ஊமையோடு லட்சுமி எப்படிக் காலம் தள்ளுவாள், இந்த இடம் வேண்டாம் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். சிவகாமியைப் பார்த்து லேசாக உதட்டைப் பிதுக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அறை முழுக்கக் கண்ணால் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"கதிர் எங்க?" என்றாள்.

உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சாமியறைக்குள் தீப்பெட்டியை வைத்துவிட்டு அந்த அம்மா தண்ணீர் எடுக்க வெளியே வந்த நேரம் பார்த்து அவன் உள்ளே புகுந்து கதவைத் தள்ளிச் சாத்தியிருக்கிறான். கதவின் உள்பக்கம் ஒரு மரத் தாழ். ஒரு முனையில் ஆணி, மறுமுனை ஒரு கொக்கிக்குள் விழும். அந்த அம்மா குள்ளம் என்பதால் தாழ்வாகவே அடித்திருந்தார்கள். கதவு அதிர்ந்ததில் அது விழுந்துவிட்டது. உள்ளே இலையில் படையல், தரையில் ஏற்றிவைத்த குத்துவிளக்கு, நடுவில் என் மகன்.

அதுவரை சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். 'விளக்கு எரியுது' என்று அந்த அம்மா சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சிவகாமி கதவில் இரண்டு கைகளையும் வைத்து நின்றாள்.

நான் செயல்வீரன் அல்லவா, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். சாமியறைக்கு ஒரு சின்ன ஜன்னல். மரக் கம்பிகளில் ஒன்று மட்டும் இல்லை. அந்த இடைவெளி எனக்குப் போதும் என்று தோன்றியது. (அந்தக் காலத்தில் நான் ஒல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) தலை போனது. ஒரு தோளும் ஒரு கையும் போயின. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. திரும்பியும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் கதிரேசனுக்கு ஒரே குஷி. சுவரில் அப்பாவின் தலை முளைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஜன்னலுக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் ஏறி நின்று, கிண்ணத்திலிருந்த விபூதியை என் முகம் முழுக்கப் பூசினான். 'கண்ணா, விளக்குகிட்ட போகாதே' என்று சொல்ல வாயைத் திறந்தேன். படையலில் இருந்து எடுத்து வைத்திருந்த லட்டு ஒன்றை முழுசாக உள்ளே திணித்தான். அப்பாவுக்கு ஊட்டிவிட்ட பெருமையோடு கைதட்டிவிட்டு, இறங்கி, நேராக விளக்கை நோக்கி ஓடினான். அவன் சட்டையின் ஓரம் சுடரை ஒரு சாண் தூரத்தில் கடந்தது. லட்டுக்குப் பின்னாலிருந்து நான் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இருந்திருக்காது. அவன் அதை விளையாட்டென்று நினைத்து மறுபடி ஒரு சுற்று ஓடினான்.

கதவுக்கு வெளியே யாரோ கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்கள். வேலாயுதம் தடுத்தார். "இடிச்சா கதவு பிள்ளை மேலதான் விழும். சத்தம் போடாதீங்க, பயந்து ஓடினான்னா விளக்கு இருக்கு." அன்று அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது. பிறகு சிவகாமியிடம் கேட்டார்: "அக்கா, தம்பிக்கு எதுல ரொம்ப ஆசை?"

சிக்னல் என்றாள் சிவகாமி. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சிக்னல் கம்பத்தின் கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் சோறு சாப்பிடுவான்.

அந்தச் சலவைக் கோட்டோடு மனிதர் தரையில் குப்புறப் படுத்தார். கதவின் அடி இடைவெளியில் வாயை வைத்து, 'கூ' என்று மெல்ல ஊதினார். கதிரேசன் அப்படியே நின்றான்.

"தம்பி, வண்டி வருது. சிக்னலைத் தூக்கு."

"இல்ல" என்றான் கதிரேசன்.

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்னல் கை இறங்கினால்தான் வண்டி வரும், தூக்கினால் நிற்க வேண்டும். ரயில்வே கிராணியான நான் அதைத் திருத்திச் சொல்லத் துடித்தேன். வாயில் லட்டு. வெளியே சிவகாமி மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது.

"சரி தம்பி. கை இறங்கியிருக்கு, அதான் வண்டி வந்துச்சு. இப்பப் போகுது பாரு." வேலாயுதம் சக்கரம் ஓடும் சத்தத்தை வாயால் செய்தார். தூரத்தில் போய்த் தேய்கிற மாதிரி அதைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு எஞ்சினே அந்த அளவு அழகாகச் செய்யாது. "வண்டி போயிடுச்சு. இனி கதவுல இருக்கிற கையைத் தூக்கணும். யாரு தூக்குறது?"

"நானு."

கதிரேசன் கதவிடம் போய், நுனிக்காலில் நின்று, இரண்டு கைகளாலும் அந்தத் தாழை மேலே தள்ளினான். கதவு திறந்தது. சிவகாமி அவனை வாரி எடுத்தாள். அவள் அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வேலாயுதம் சத்தமில்லாமல் உள்ளே போய் விளக்கை உயரத்தில் எடுத்துவைத்தார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஜன்னலில் இருந்த என்னைக் கவனித்தார்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ரம்பம் எடுத்துவரப் போனார். அந்த இடைவேளையில் சிவகாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தருகே வந்தாள். முந்தானையால் விபூதியைத் துடைத்தாள். குரலைத் தாழ்த்தி, "எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா தலையை ஆட்டுங்க" என்றாள்.

ஆட்டினேன். என் உடம்பில் ஆட்டக்கூடியதாக அப்போது அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதற்காக மட்டும் ஆட்டவில்லை.

மலாய்க்காரர் வெளியே என் முதுகைத் தட்டி, 'சாபார், சாபார்' என்று பொறுமை சொல்லிக்கொண்டே இரண்டு கம்பிகளை அறுத்து என்னை மீட்டார். லட்டையும் அப்போதுதான் விழுங்கினேன்.

வீடு திரும்பியதும் சிவகாமி நடந்ததையெல்லாம் லட்சுமியிடம் சொன்னாள். நான் தாண்டிப்போகச் சொன்ன இடங்களையும் சேர்த்துச் சொன்னாள். லட்சுமி கடைசிவரை தலைகுனிந்து கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சலவைக் கோட்டோடயா தரையில படுத்தாரு?"

ஆமாம் என்றாள் சிவகாமி. லட்சுமி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும், சம்மதம் என்று கிள்ளானுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வேலாயுதம் இன்றும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை அறிமுகப்படுத்த மட்டும் வாயைத் திறப்பார்: "எல்லாருக்கும் சம்பந்தி வாசல் வழியா வருவாங்க. எங்களுக்கு ஜன்னல் வழியா வந்தாரு." லட்சுமியின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் நான் ஜன்னல் மாமாதான். எனக்கு வேறு பெயர் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சொந்தக்காரர்களின் பெயர்களை எழுதச் சொன்னபோது, மூத்தவள் தாய்மாமன் என்ற இடத்தில் 'ஜன் நல்' என்று இங்கிலீஷ் எழுத்தில் அழகாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். தமிழ் தெரியாத வாத்தியார் அதைப் படித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மாமா சீனரா என்று கேட்டாராம்.