உடைக்க முடியாத பாஸ்வேர்டு

கோட்டை கட்டி நாடாண்டவர்கள் உலகத்தில் பலர் உண்டு. ஒரே ஒரு வைஃபை பெட்டியை வைத்துக்கொண்டு வீட்டை ஆண்டவர் எங்கள் மேலாளர் ஒருவர்தான். அவரிடம் வேலை பார்ப்பவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பள உயர்வு இன்னும் வரவில்லை என்பதையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

அவர் மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடமிருந்து இன்டர்நெட்டைக் காப்பாற்றும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. உடனே என்னைத் ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ ஆக்கி வீட்டுக்கு அழைத்தார். பதவியேற்றதும் முதல் கடமையாக, நாற்காலியில் ஏறி அலமாரி மேலிருந்த பெட்டியின் தூசியைத் தட்டினேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் மகளின் டேப்லெட்டுக்கு நெட் கிடையாது. மேலாளரின் போனுக்கு மட்டும் ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ விலக்கு. அந்தக் காரணங்களில் ஒன்று அப்போதே அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூனை பியானோ வாசித்தது.

“இந்தப் பூட்டைத் திறக்க பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் சார்?”

“பாப்பா பொறந்த தேதி. எனக்கு மறக்கவே மறக்காது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதை அவளே கண்டுபிடிச்சிடுவாளே சார்!”

“கண்டுபிடிக்கட்டும், பாக்கலாம்!” என்று கையால் மறைத்துக்கொண்டு தானே அடித்தார். அந்தத் துணிச்சலை மனதுக்குள் வணங்கினேன்.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்காக மறுபடி போனேன். கூடத்தில் மகள் புதுச் சட்டையில் நின்றிருந்தாள்.

“அப்பா, இன்னைக்கு மட்டும் நெட் வேணும்பா. ஏழு மணிக்கு அம்மா வீடியோல வருவாங்க.”

“காலைல பேசிக்கோ.”

“இன்னைக்குத்தான் பேசணும். உங்க போனாவது குடுங்க.”

“அது நிர்வாகத்தோடது. காரணம் என்ன?”

“உங்களுக்கே தெரியும்பா.”

“தெரிஞ்சா ஏன் கேக்கறேன்? காரணம் குறிப்பிடாத கோரிக்கை நிராகரிக்கப்படுது.”

அவள் டேப்லெட்டை எடுத்து ஒரு தேதியை அடித்தாள். ‘தவறு’ என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தவறு.

“என் பொறந்த தேதிதானே வெச்சீங்க? அங்கிள்கிட்ட சொன்னப்ப கேட்டேனே!”

நான் மலைத்துப் போனேன். சாவி அவள் கையிலேயே இருக்கிறது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. பாதுகாப்பு என்றால் இதல்லவா பாதுகாப்பு!

“டைப் பண்ணக்கூடத் தெரியல, இங்க பாரு” என்று பெருமையாகத் தானே அடித்துக் காட்டினார் மேலாளர். டக்கென்று திறந்தது.

தேதி என் கண்ணிலும் பட்டது. எங்கள் அலுவலகத்தில் அதை அறியாதவர் கிடையாது. வருடா வருடம் அன்றைக்கு மேலாளர் விடியும் முன்பே எழுந்து பூங்கொத்து வாங்கப் போவார்.

“அது உங்க எம்.டி. பொறந்த நாள்பா” என்றாள் மகள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் தூசியைப் பார்த்தேன். வீட்டில் யாராலும் ஊகிக்க முடியாததாகப் பாஸ்வேர்டு இருக்க வேண்டும் என்பார்கள் வல்லுநர்கள். பெற்ற மகளின் பிறந்த நாளைத் தன்னிடமிருந்தே ரகசியமாகக் காப்பாற்றிய வல்லவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“ரெண்டும் ஒரே மாசம், கொஞ்சம் மாறிப்போச்சு. இதுக்கெல்லாமா கண்ணக் கசக்குவாங்க? இப்பவே மாத்திடறேன். உன் பொறந்த நாள் என்னைக்கு, சொல்லு.”

“இன்னைக்கு” என்றாள்.