தேவாங்கின் ஊசியும் யானையின் காதும்

ஒரு காட்டில், ஆற்றைத் தாண்டி மூங்கில் புதர் முடிகிற இடத்தில், ஓர் ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. காட்டில் எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்கலாம். நரி பேசும் என்றதும் ஒத்துக்கொண்டவர்கள் இதையும் ஒத்துக்கொள்வதுதான் நியாயம். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கிடையாது என்பதால் அங்கே யானைதான் தலைவர். பெயர் பெரியநாயகம். ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் அவரே தலைவர்.

அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் பூங்காவனம் என்றொரு தேவாங்கு இருந்தாள். ஒரு சாண் உடம்பு. அதில் கண்ணுக்குப் போக மிச்சம்தான் மற்றதெல்லாம். தேவாங்குகள் எதையும் நிதானமாகச் செய்பவர்கள். பூங்காவனம் ஒரு டோக்கனைக் கிழித்து, எண்ணைச் சரிபார்த்து, வந்தவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டுவதற்குள் வரிசை ஆற்றுக்குள் இறங்கிவிடும். கடைசியில் நின்றவர்கள், வந்த நோயோடு ஜலதோஷத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள்.

கமிட்டியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ரத்தம் எடுக்கும் உதவியாளர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி தொடங்குகிறது. அதில் சேர்ந்து தேறினால் லேபில் வேலை. தேறாவிட்டால் மரத்துக்குத் திரும்பிவிடலாம். அவ்வளவுதான் எழுதியிருந்தது. பூங்காவனம் அதைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பயப்பட இன்னும் ஒரு மணி நேரம்.

பயிற்சி கொடுத்தவர் ஞானசௌந்தரி சிஸ்டர். நாரை. வெள்ளை உடுப்பு பிறவியிலேயே வாய்த்தவர். ஒற்றைக் காலில் நின்றபடிதான் பாடம் எடுப்பார்.

"முதல்ல கை கழுவணும். அப்புறம்?"

"கையுறை, சிஸ்டர்" என்றது வகுப்பு.

"அப்புறம்?"

"குத்தணும், சிஸ்டர்" என்றான் மதிவாணன் என்ற நரி.

"யாரை?"

மதிவாணன் சுற்றிலும் பார்த்தான்.

"பேரைக் கேக்கணும்டா. 'நீங்கதானே முயல்?'னு நீயா கேக்கக் கூடாது. பயத்துல எல்லாரும் ஆமான்னுதான் தலையாட்டுவாங்க. அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும்."

நரம்பு புடைக்கக் கையில் ரப்பர் பட்டை கட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நரம்பைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு. ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை காத்திரு. பட்டையைத் தளர்த்திய பிறகே ஊசியை எடு. எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, நேரே ஊசிப் பெட்டியில் போடு. டியூபில் பெயரை அங்கேயே, நோயாளியின் முன்னாலேயே எழுது. சிஸ்டர் சொல்லச் சொல்லப் பூங்காவனம் எழுதிக்கொண்டாள். 'காயும்வரை காத்திரு' என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளை சீக்கிரம் சீக்கிரம் என்றுதான் விரட்டியிருக்கிறார்கள். காத்திருப்பதும் வேலைதான் என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டாள். இந்த வேலை தனக்காகவே உண்டாக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள். மரத்தில் உட்கார்ந்து அதை யோசிக்க நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது கவலை.

பழகுவதற்கு ஒரு ரப்பர் கை இருந்தது. ஒன்றே ஒன்று. உள்ளே பீட்ரூட் தண்ணீர். பதின்மூன்று வகுப்புகள் குத்திப் பழகிப் போன கை. எங்கே தொட்டாலும் சிவப்பாகக் கசியும். தேர்வு நாளில் மதிவாணன் முழங்கையின் பின்பக்கம் குத்தினான். நரம்பு அங்கே கிடையாது. ஆனாலும் டியூப் நிறைந்தது.

"பாத்தியா புள்ள, ஒரே குத்து" என்றான்.

மற்ற எட்டுப் பேரும் அதே மாதிரி தேறினார்கள். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி உண்மையான நரம்பைக் கண்டுபிடித்தாள். அந்தக் கைக்கு நரம்பென்று ஒன்று இருப்பதை யாராவது கண்டது பல வருஷங்களில் அதுதான் முதல்முறை. சரியான சாய்வில் ஊசியை இறக்கினாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. பழைய பீட்ரூட் காய்ந்து நரம்பு அடைத்துப் போயிருந்தது.

"சிஸ்டர், ஊசி நரம்புலதான் இருக்கு."

"தெரியும். பாத்துக்கிட்டுதானே நிக்கறேன்."

"அப்போ..."

"ஃபாரத்துல ரத்தம் வந்ததான்னு ஒரு கேள்விதாம்மா இருக்கு. எங்கேருந்து வந்ததுன்னு கேக்கல."

சிஸ்டர் கெட்டவரல்ல. இன்னொரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார். ரப்பர் கையில் தேறாதவர்கள் உயிருள்ள ஒருவரிடம் ரத்தம் எடுத்துக் காட்டலாம். 'என்னிடமிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிற இடத்தில் நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியநாயகம் வருஷாந்தர சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். அவ்வளவு பெரிய உடம்பில் பயமும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். போன வருஷம் ஊசியைக் கண்டதும் லேபின் தூணைச் சாய்த்துவிட்டார். அவர் வருகிறார் என்றதும் தேறிய ஒன்பது பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. மதிவாணனுக்கு வயிற்று வலி.

பூங்காவனம் இரண்டு முக்காலிகளை அடுக்கி, மேலே ஏறி, யானையின் காதருகே நின்றாள்.

"ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க."

"என் பேரு தெரியாத ஆளு இந்தக் காட்டுல உண்டா?"

"தெரியுங்கய்யா. ஆனா நீங்கதான் சொல்லணும்."

அப்படி ஒருவர் தன்னைக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். பெரியநாயகம் ஒரு கணம் யோசித்துத்தான் சொன்னார். பிறகு துதிக்கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினார்.

யானைக்குக் காதின் பின்பக்கம்தான் நரம்பு நன்றாகத் தெரியும். அங்கே பட்டை கட்ட வழியில்லை. பூங்காவனம் காதின் அடியில் தன் முழங்காலை வைத்து அழுத்தினாள். விரலால் தேடினாள். ஸ்பிரிட் தடவிக் காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அலுத்துப் போயிருக்கும். அவள் அந்த ஈரம் ஓரத்திலிருந்து மெல்ல மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியது. ரத்தம் வந்தது. முழங்காலை எடுத்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். ஊசி பெட்டிக்குள் போயிற்று. டியூபில் பெயரும் நேரமும் எழுதினாள்.

"எப்ப ஆரம்பிப்பே?" என்றார் பெரியநாயகம், கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுதுங்கய்யா."

கண்ணைத் திறந்தார். "என்ன முடிஞ்சுது?"

"ரத்தம் எடுத்தாச்சுங்க. இங்கே ஒரு கையெழுத்து."

"விளையாடறியா? நான் எத்தனை வருஷமா ரத்தம் கொடுக்கிறேன். எடுத்தா எனக்குத் தெரியாதா?"

"இதோ டியூப் இருக்குங்களே."

"யாரோடதோ."

"உங்க பேரு எழுதியிருக்குங்கய்யா."

"இந்தக் கட்டடத்துலயும்தான் என் பேரு எழுதியிருக்கு. நானா கட்டினேன்? நடக்காததுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாதும்மா. கமிட்டியில கேப்பாங்க." வாசல் பக்கம் திரும்பினார். "தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையா இங்கே?"

மதிவாணனின் வயிற்று வலி அப்போது சரியாகிவிட்டது. கை கழுவவில்லை. ஸ்பிரிட்டைத் தடவின கையோடு குத்தினான். யானை பிளிறியதில் மூங்கில் புதரிலிருந்த பறவைகள் அத்தனையும் கிளம்பிவிட்டன. "அவ்வளவுதாங்கய்யா, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது குத்து. மூன்றாவது. நான்காவதில் டியூபுக்குள் ஏதோ வந்தது. காது அப்பளம் போல உப்பிவிட்டது.

பெரியநாயகம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "இது ரத்தம் எடுக்கிறது" என்றார். மதிவாணனைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போய், வரிசையில் நின்றவர்களிடம் காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "நாலு குத்து. தம்பி விடலையே." அந்த சந்தோஷத்தில் மதிவாணன் ஊசிக்கு மூடியைப் போட்டான். மூடிக்குள் போகாமல் ஊசி அவன் கட்டைவிரலுக்குள் போயிற்று.

அவன் எடுத்த ரத்தம் உடைந்து போயிருக்கிறது, எதற்கும் ஆகாது என்று லேபிலிருந்து டியூப் திரும்பி வந்தது. ஞானசௌந்தரி சிஸ்டர் பூங்காவனத்தின் டியூபை எடுத்து உள்ளே அனுப்பினார். சர்க்கரை அளவோடுதான் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த பெரியநாயகம், நரித்தம்பி கை பட்டதில் சர்க்கரையே இறங்கிவிட்டது என்றார்.

மணி மூன்று. பூங்காவனத்தின் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அவள் மேஜைக்கு முன்னால் ஒருவரும் வரவில்லை. நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எதையும் விடவில்லை. பிறகு நோட்டை மூடிவிட்டு, யானை கண்ணீரைத் துடைத்துக்கொண்டபோது அவர் முகம் இருந்த விதத்தை நினைத்துப் பார்த்தாள். எதற்கு வந்தாரோ அது கிடைத்துவிட்ட முகம்.

நாலேமுக்காலுக்கு மதிவாணன் வந்தான். கட்டைவிரலில் கட்டு.

"சிஸ்டர் விட மாட்டேங்கறாங்க, பூங்கா. ஊசி குத்திக்கிட்டா நாமளும் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கணுமாம். சட்டமாம்." நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "அந்த எட்டுப் பேரும் எப்படிப் பாஸானாங்கன்னு எனக்குத் தெரியும். நீயே எடும்மா. பாத்து."

"உங்க பேரைச் சொல்லுங்க."

"அடிப்பாவி."

"சொல்லுங்க."

"மதிவாணன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பூங்காவனம் பட்டையைக் கட்டினாள். தேடினாள். தடவினாள். காயும்வரை காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் ஐந்துக்கு ஐந்து நிமிடம் காட்டியது. அதற்காக அவள் ஒரு வினாடியைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. எடுத்தாள், அழுத்தினாள், ஊசியைப் பெட்டியில் போட்டாள், பெயரை எழுதினாள்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் மதிவாணன்.

பூங்காவனம் ஃபாரத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தாள். பிறகு, பஞ்சு வைத்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரலால் சதையைப் பிடித்து, தன் வாழ்க்கையில் எதையுமே செய்திராத வேகத்தில், ஒரு திருகுத் திருகினாள்.

"ஐயோ அம்மா!"

"முடிஞ்சுது."

மதிவாணன் கண்ணைத் திறந்து பெருமூச்சு விட்டான். முகம் தெளிந்திருந்தது. "அம்மாடி. கடைசில இழுத்தே பாரு, உயிரே போயிருச்சு. பரவால்ல புள்ள, நீயும் நல்லா எடுக்கக் கத்துக்கிட்டே." கேட்பதற்கு முன்னாலேயே ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். கையைத் தேய்த்துக்கொண்டு திருப்தியாக வெளியே போனான்.

கதவோரம் ஞானசௌந்தரி சிஸ்டர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பூங்காவனத்தின் கண்கள் இன்னும் பெரிதாயின.

"பூங்காவனம்."

"சிஸ்டர்."

"ஊசி போட்ட கையில கிள்ளக் கூடாது. ரத்தம் கட்டிக்கும்."

"சரிங்க, சிஸ்டர்."

"இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

சிஸ்டர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரையைக் குத்தி உள்ளே வைத்தார்.

நீதி: வலிக்காமல் ரத்தம் எடுக்கத் தெரிந்தவர்கள், எடுத்து முடித்ததும் கிள்ளவும் பழகிக்கொள்ள வேண்டும்.