கண்ணாடி சிஸ்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் புயலுக்குப் பயந்த பெண்களைவிடக் கண்ணாடி சிஸ்டருக்குப் பயந்த பெண்களே அதிகம். புயல் வருமுன் வானொலியில் சொல்வார்கள். சிஸ்டர் சொல்லாமல் வருவார்.

அவர் மூக்குக்கண்ணாடி போட்டவர் அல்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஆஸ்பத்திரி நர்ஸ். பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு சின்னக் குச்சியால் வழித்தெடுத்து, விரல் நீளக் கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட்டில் முக்கி மெட்ராசுக்குக் கப்பலில் அனுப்புவார். அங்கே அதை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் வருமுன்பே சொல்லிவிடுவார்களாம். அதனால் அந்தப் பெயர்.

ரேஷன் வரிசை, மாதா கோயில், பஸ் என்று எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஏளா, டெஸ்ட் எடுத்தாச்சா?" ஊரே திரும்பிப் பார்க்கும். பெட்டியைக் கப்பலில் ஏற்ற ஹேடோ துறைமுகத்துக்கு அவரே வருவார். "பத்திரமா தூக்குங்க! இதுக்குள்ள முப்பது பொம்பளைங்க இருக்காவ!" சுமைகூலிகள் பெட்டியைத் தொடவே யோசிப்பார்கள்.

நான் அப்போது ஹேடோவில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சிஸ்டரின் வெள்ளைச் சேலை தெரிந்தாலே ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒருநாள் அவர் நேராக அலமாரிக்கே வந்தார்.

"நாள் பூரா டைப் அடிக்க நேரமிருக்கு, அஞ்சு நிமிஷம் படுக்க நேரமில்லையாக்கும்?"

எங்கள் அதிகாரி இல்லாத வேலையை நினைத்துக்கொண்டு வெளியே ஓடினார். அவர் திரும்பி வந்தால் எப்படி முகத்தில் விழிப்பது? அந்த வெட்கத்திலேயே சிஸ்டரோடு போய்ப் படுத்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்து மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது. சிஸ்டர் அதை என் மேஜைக்கே கொண்டுவந்தார். முதல் முறையாக மெல்லிய குரலில் பேசினார்.

"செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. புற்று இல்ல. ஆனா விட்டா ஆகலாம்."

"ஆகாமலும் போகலாமா, சிஸ்டர்?"

"போகலாம். சிலருக்குத் தானா சரியாயிரும், சிலருக்கு முத்திரும். நீ எந்தப் பக்கம்னு அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது."

இன்று மரபணுவின்மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய குறிகளைப் படித்து, யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே கணிக்கப் பார்க்கிறார்களாம். அன்று எனக்கு இருந்த கணிப்பெல்லாம் சிஸ்டரின் பிடிவாதம்தான்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே," என்றேன்.

"வலி வந்தபிறகு நான் எதுக்கு?"

"வீட்டுக்காரர் வடக்கே திக்லிபூர்ல வேலையா இருக்கார். வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவருக்குக் கர்ப்பப்பை இருக்கா? எந்திரி!"

சிகிச்சைக்கு மெட்ராஸ் போக வேண்டும்; கப்பலில் இடமில்லை. டிக்கெட் கொடுக்கும் வங்காளி பாபு கையை விரித்தார். "ஜகா நஹி ஹை, சிஸ்டர். அடுத்த மாதம் பார்க்கலாம்."

"டீக் ஹை," என்று சிஸ்டர் ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் இருந்த ஆண்கள் வரிசைக்குக் கேட்கும்படி, இந்தப் பரிசோதனையை எங்கே, எப்படி, எதனால் எடுப்பது என்று தன் உடைந்த ஹிந்தியில் விளக்கத் தொடங்கினார். குச்சியையும் எடுத்துக் காட்டினார். வரிசையில் பாதி கலைந்தது. கடைசியாக பாபுவிடம் திரும்பி, "ஆப்கா பீவி கா டெஸ்ட் ஹுவா க்யா?" என்று அவர் மனைவிக்கும் டெஸ்ட் எடுத்தாச்சா எனக் கேட்டார்.

கப்பலின் மலிவு வகுப்பான பங்க் கிளாஸில் ஓர் இடம் உடனே கிடைத்தது. மறுவாரம் பாபுவின் மனைவியும் பரிசோதனைக்கு வந்தாராம்.

சிஸ்டர் என் கையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்துக் கப்பலேற்றினார். மெட்ராசில் உறவுக்காரர் வீட்டில் தங்கி மூன்று வாரம் காத்திருந்தேன். இரவெல்லாம் பயம், பகலெல்லாம் சிஸ்டர்மேல் கோபம். பிறகு மாறிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. அதன்பிறகு அந்தத் தொல்லை என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த அறுவை முடிந்து மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் கடல் தாண்டி, அடுத்த கப்பலில் வந்திருக்கிறார்.

"என்ன முழிக்க? ஒன்னப் பார்க்க வரல. செருப்பு வாங்க வந்தேன். நம்ம ஊர்ல நல்ல செருப்பே கிடைக்க மாட்டேங்கு."

மூன்று நாள் என் கட்டிலை விட்டு அவர் நகரவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினார். வார்டிலிருந்த மற்ற பெண்களையெல்லாம் அதட்டினார். நாலாம் நாள் காலை, கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினார்.

காலில் அதே பழைய செருப்பு.