காணாமல் போன நூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகள்

கம்ப்யூட்டரைவிட ஆபத்தானவன், அதை அரைகுறையாகப் படித்தவன். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆறு மாத கோர்ஸ் முடித்த கையோடு, சிம்மக்கல்லில் திருமணத் தகவல் மையம் நடத்திய பாக்கியம் அக்காவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். மாப்பிள்ளைகளின் பட்டியல். கல்யாணம் முடிவானவரைத் தூக்கிவிட, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். அதில் 'நீக்கு' என்று போட்டிருக்கலாம். பேச்சுத் தமிழாக இருக்கட்டும் என்று 'எடு' என்று போட்டேன். அமுக்கினால் ஆள் காலி. 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. (கேட்க வைக்க எனக்குத் தெரியாது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"தம்பி, மாப்பிள்ளையக் காணோம்!"

"எந்த மாப்பிள்ளைக்கா?"

"அம்புட்டுப் பேரையும்!"

ஓடினேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெண்ணுக்கு வரன் பார்க்க வந்த தம்பதி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கு ஒருத்தர எடுத்துக் காட்டலாம்னு 'எடு'வ அமுக்குனேன்," என்றார் அக்கா. "ஆளையே காணோம். சரி, அடுத்தவரையாச்சும் எடுப்போம்னு அமுக்குனேன். இப்படியே கடைசி வரைக்கும் போயிட்டேன்."

பேக்கப் என்று ஒரு நகல்கூட நான் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பாடம் நடந்த அன்று நான் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தேன்.

"அக்கா, போட்டோ ஒட்டிப் பேப்பர்ல எழுதிக் குடுத்த ஃபாரமெல்லாம் எங்க?"

"நீதானப்பா இனிமே அதெல்லாம் எதுக்குன்னு கேட்ட? முந்தாநாள்தான் பழைய பேப்பர் கடையில போட்டேன்."

கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் வீடு கோரிப்பாளையத்தில். வைகைப் பாலத்தை அன்று நான் சைக்கிளில் கடந்த வேகத்தில் பஸ்கூடப் போயிருக்காது. பட்டியலில் அக்காவின் சொந்தத் தம்பி மகனும் இருந்தான் என்பது பாதிப் பாலத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"என்ன தம்பி, இம்புட்டு வேர்க்குது?" என்றார் கடைக்கார பாய்.

"நூத்திப் பன்னெண்டு மாப்பிள்ளைக உங்க கடைக்குள்ள இருக்காங்க பாய்!"

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் லாரியில் ஏற வேண்டிய மூட்டைகள். நான்காவது மூட்டையில், பத்தாம் வகுப்பு நோட்டுகளுக்கு நடுவே, சிரித்துக்கொண்டிருந்தார்கள் மாப்பிள்ளைகள். தரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு ஆள் குறையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூட்டையோடு திரும்பியபோது உசிலம்பட்டி அம்மா இன்னும் காத்திருந்தார். அவரே மூட்டைக்குள் கை விட்டுத் துழாவி நாலு பேரை வெளியே எடுத்தார். "இதுதான்யா வசதி," என்றார்.

பதினைந்து நாள் உட்கார்ந்து எல்லோரையும் மறுபடி ஏற்றினேன். 'நீக்கு' என்று மாற்றினேன். இரண்டு முறை கேட்கும்படி செய்தேன். அதற்குப் பிறகும் அழிக்காமல், கண்ணில் படாமல் மறைத்து மட்டும் வைக்கும். இன்றுவரை நான் எழுதும் புரோகிராம் எல்லாமே அப்படித்தான்.

ஆனால் என் தங்கச்சி விடுவதாக இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் பெண் வீட்டாரைப் பார்த்துக் கத்துகிறாள்:

"மாப்பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, எங்க அண்ணன் வந்துட்டான்!"