மாமாவின் புதுக் காரும் என் முழங்கால்களும்

உயரமானவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் யாரும் அவர்களை ஒரு சின்னக் காரில் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்து நான் கண்ட பலன், பரணிலிருந்து அண்டா எடுத்துக் கொடுப்பதுதான். (கல்யாண வீடுகளில் சீரியல் பல்பு கட்டவும் கூப்பிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.)

இந்த உயரத்தாலேயே எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நான்காவதாக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. கூடவே வந்த போட்டோவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கல்பனாவின் முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. அம்மாவும் சூதானமாக நான் உட்கார்ந்திருக்கும் போட்டோவைத்தான் அனுப்பியிருந்தாள். "போனதும் டக்குனு உட்கார்ந்துடு. நிக்கிற மாதிரி வந்தா கொஞ்சம் குனிஞ்சே நில்லு" என்று உத்தரவு வேறு.

பெண் பார்க்கப் போக மாமா தன் புதுக் காரைக் கொடுத்தார். மாமா ஐந்தடி. காவிரிப் பாலத்து டிராஃபிக்கில் ஓட்ட அவருக்குப் பயம் என்பதால் நானே ஓட்டும்படி ஆனது. கார் வாங்கி எட்டு மாதமாகியும் சீட்டுகளின் பிளாஸ்டிக் கவரை அவர் பிரிக்கவில்லை. பிரித்தால் அழுக்காகிவிடுமாம். அது நழுவக் கூடாதென்று டிரைவர் சீட்டின் கவரை, அடியிலிருக்கும் கம்பியோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் வைத்திருந்தார். சீட்டைப் பின்னால் தள்ள வேண்டுமானால் அந்தக் கம்பியைத்தான் இழுக்க வேண்டும்.

கயிற்றை அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். "இந்தா இருக்கு ஸ்ரீரங்கம். பொன்மலைலேர்ந்து அரை மணி நேரம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடா" என்றார். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று அம்மா அவசரப்படுத்த, நானும் என்னை நாலாக மடித்து உள்ளே திணித்துக்கொண்டேன்.

தலை கூரையில் முட்டியது. (என் எண்ணெய்த் தலையின் கறை அங்கே இன்றும் இருக்கிறது.) இடது முழங்கால் வைப்பர் குச்சியை இடித்ததில், கொளுத்துகிற வெயிலில் வைப்பர் கர்மசிரத்தையாக ஆடியது. வலது முழங்கால் இண்டிகேட்டரை விடுவதாக இல்லை. பாலத்தில் ஏறியதிலிருந்து வலப்பக்கம் திரும்பப் போவதாக ஊருக்கே அறிவித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரைட்டுல காவிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாம்பழச்சாலை வருவதற்குள் இரண்டு கால்களும் மரத்துப்போயின. பிரேக்கை மிதிக்கிறேனா, மிதியடியை மிதிக்கிறேனா என்பதே குத்துமதிப்புதான். ரங்கநாதா, வண்டியை மட்டும் நிறுத்திக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அவர் அதை மட்டும்தான் செய்தார்.

கல்பனாவின் அப்பா வாசலிலேயே காத்திருந்து, மரியாதையாகக் கார்க் கதவைத் திறந்தார். நான் ஒரு காலை வெளியே வைத்தேன். அது தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை. அடுத்த நொடி அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன். தெருவின் பாதியை அடைத்திருப்பேன்.

மனிதர் பதறிப்போனார். அம்மா அசரவில்லை. "பெரியவங்களைப் பார்த்தா அவன் இப்படித்தாங்க, உடனே கும்பிட்டுடுவான்" என்று ஒரே போடாகப் போட்டாள். அவர் நெகிழ்ந்து, தான் மட்டும் தனியாக ஆசீர்வாதம் செய்யக் கூடாது, தம்பதியாக நின்றுதான் செய்ய வேண்டும் என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த கத்தியோடு ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றார். இருவரும் ஆசீர்வதித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழ முடிந்தால்தானே! இன்னொரு தடவை ஆசீர்வதித்தார்கள். "போதும்டா, எந்திரி" என்று மாமா பல்லைக் கடித்தார். நான்காவதும் போச்சு என்று மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு நினைத்தேன். அழுகை வந்தது.

"அப்பா, அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

கல்பனா. சத்தம் கேட்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். தன் அம்மா கையிலிருந்த கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். கம்பியை இழுத்து, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாள். கவர் டர்ரென்று கிழிந்தது. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கை கொடுக்க, ஒருவழியாக எழுந்தேன். அம்மா சொன்னபடி குனிந்து நின்றேன். குனிந்தால் அவள் என்னைவிட உயரமாக இருந்தாள்! அவர்கள் வீட்டிலும் உட்கார்ந்த போட்டோவை ஏன் அனுப்பினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

"நிமிர்ந்தே நில்லுங்க" என்றாள் மெதுவாக. "எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்குது."

அந்த இடத்திலேயே எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் சத்திரத்தில் நடந்த சடங்கு.

இப்போது எங்களிடம் சொந்தக் கார் இருக்கிறது. கவர் கிடையாது, கயிறு கிடையாது, கால் மரப்பதும் கிடையாது. ஆனாலும் ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் ஹாரன் கேட்டதும், மாமனார் இன்றுவரை கார்க் கதவைத் திறப்பதில்லை. முதலில் உள்ளே திரும்பி மாமியாரைக் கூப்பிடுவார்.

"சீக்கிரம் வந்து பக்கத்துல நில்லு. மாப்பிள்ளை இறங்கப்போறார்."