மூலைவீடும் என் மூளையும்

இந்த வருடம் முடிவதற்குள் நான் ஒரு வீட்டுச் சொந்தக்காரன் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஏற்கெனவே சொந்த வீட்டில்தானே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். மூன்றாவது மாடி ஃபிளாட்டைச் சொல்கிறீர்கள். அதில் நான் குடியிருப்பவன், அவ்வளவுதான். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று சொல்லும் அதிகாரம்கூட அங்கே எனக்குக் கிடையாது. எனக்கு வேண்டியது வாடகை வரும் வீடு. குடித்தனக்காரர் ஒருவர் என் முன்னால் வந்து பவ்யமாக நிற்க வேண்டும். "சார், குழாய் சொட்டுது" என்று அவர் சொல்ல வேண்டும். நான் மோவாயைத் தடவியபடி, "பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். பிறந்தது முதல் பிறர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருக்கும் "பார்க்கலாம்" அது. ஒரு முறையாவது என் வாயால் சொல்லிப் பார்க்க ஆசை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி வாங்க வந்த வீட்டுத் தரகர் ஒருவர், லென்ஸ் தயாராகும்வரை எனக்கு முதலீட்டுப் பாடம் நடத்தினார்.

"புது ஏரியாவுல போய் விழாதீங்க. பழைய ஏரியாவுல வாங்குங்க. அங்க மரம் வளர்ந்திருக்கும், பஸ் வந்திருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். நிலம் மட்டும் வளராது. அதனால விலை வளரும். நல்ல தெருவுல இருக்கற மோசமான வீடா பாருங்க. ஆசையைக் காட்டாதீங்க, குறையைக் காட்டுங்க. முக்கியமா, உங்களுக்கு முன்னாடி வேற ஒரு ஆளை அனுப்பி அடிமட்ட விலைக்குக் கேக்க விடுங்க. விக்கறவர் சோர்ந்து போவார். அப்புறம் நீங்க போய் கொஞ்சம் கூட்டிக் கேட்டா, உங்களைத் தெய்வமாப் பாப்பார்."

தெய்வமாக ஆவதற்கு இவ்வளவு சுருக்கமான வழி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் தெரு பழைய தெரு. வேர்கள் நடைபாதையைத் தூக்கியிருக்கும். யாரும் வீட்டை விற்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தெருவில் மூலைவீடு விலைக்கு வந்திருந்தது. முன்னால் பெரிய கூடம், அகலமான ஜன்னல்கள், பக்கத்தில் கொஞ்சம் வெறும் மண். அதன் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை எக்ஸ்ரேக்காரர் என்றுதான் சொல்லும். மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் திட்டம் தயார். வாங்க வேண்டியது, நடுவில் சுவர் எழுப்ப வேண்டியது, நான்கு குடித்தனங்களாக வாடகைக்கு விட வேண்டியது. பணம்? மாமனார் விட்டுப்போன மனையை விற்ற பணம் என் மனைவி பேரிலும் மச்சினன் பேரிலும் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. பணம் அவர்களுடையது, மூளை என்னுடையது, பத்திரம் என் பேரில். இதைவிட நியாயமான கூட்டு உண்டா?

மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது ஒரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் குழந்தை இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் எங்கள் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அவை ஓடும்போது கீழ்வீட்டுக்காரருக்குக் கூரைமேல் குதிரைப்படை போவதுபோல் கேட்கிறதாம். புகார் போனது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து, மாதக் கடைசிக்குள் குழந்தைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என்னங்க, அந்த மூலைவீட்டுக் கூடம் குழந்தைங்களுக்கு நல்லா இருக்கும்ல? மாடிப்படி இல்ல. ஓடியாட மண்ணு இருக்கு."

"இங்க பாரு. முதலீடு வேற, பாசம் வேற."

"கூடத்தை மட்டும் எனக்கு விடுங்களேன். மத்ததை வாடகைக்கு விட்டுக்குங்க."

"கூடத்துலதான் ரெண்டு குடித்தனம் வருது. வேணும்னா நீயும் மத்தவங்க மாதிரி வாடகை குடு. பார்க்கலாம்."

சொல்லிவிட்டேன்! முதல் "பார்க்கலாம்"! வாயெல்லாம் இனித்தது.

"மாசக் கடைசிக்குள்ள எனக்கு இடம் வேணும். பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். இல்லன்னா இந்த வேலையையே விட வேண்டியதுதான்."

"அவசரப்பட்டா விலை ஏறிடும்."

"அப்ப கூடம் எனக்கு இல்ல?"

"இல்ல."

"சரி" என்றாள்.

கல்யாணமான ஆண்களே, அந்தச் "சரி" உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். அன்று என் கவனமெல்லாம் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதில் இருந்தது. அதையும் அவளிடமே கேட்டேன்.

"என் தம்பியை அனுப்புங்க. அவனை இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது" என்றாள் அவள், செருப்பின் பட்டையை இழுத்து மாட்டியபடி.

மச்சினன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டும் வண்டிக்குத் தான் பிரேக் போடுகிறவன். சாது. அவனை வரவழைத்து ஒத்திகை பார்த்தேன். நான் எக்ஸ்ரேக்காரர், அவன் வாங்க வந்தவன்.

"வாங்க தம்பி, வீடு எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க அத்தான்."

"மாப்ளே! நான் இப்ப அத்தான் இல்ல. வீடும் நல்லா இல்ல. மூஞ்சியைச் சுளி."

சுளித்தான்.

"பல்வலிக்காரன் மாதிரி இருக்கு. வீட்டைப் பாத்துச் சுளி. இப்ப விலையைக் கேளு."

"எவ்வளவுன்னாலும் குடுத்துடறேங்க."

"கெட்டது குடி! நான் சொல்றதுல பாதிக்குக் கேளுடா!"

"பாதிக்குக் கேட்டா பெரியவர் வருத்தப்படுவாரே, அத்தான்."

"அவர் வருத்தப்படணும். அதுக்குத்தான் உன்னை அனுப்பறேன்."

"அக்கா, நான் பாதிக்குக் கேக்கட்டுமா?"

"அத்தான் சொல்றபடி கேளு" என்றாள் மனைவி. "முழுசா அவர் சொல்றபடியே கேளு."

இப்படி ஒரு மனைவி வாய்த்ததற்கு அன்று நான் பெருமைப்பட்டேன்.

அவன் போனான். பாதிக்குக் கேட்டான். எக்ஸ்ரேக்காரர் சிரித்துவிட்டு, யோசிக்கிறேன் என்றாராம். அடுத்து என் முறை. தினமும் கடை முடிந்து வரும் வழியில் மூலைவீட்டு வாசலில் நின்றேன். வாங்க வந்தவன் மாதிரி இல்லை. சும்மா அந்தப் பக்கம் வந்தவன் மாதிரி.

"என்ன சார், இந்தப் படி இவ்வளவு உயரமா இருக்கு? ஏறினா முட்டி தெறிச்சிடும் போல."

"அப்படியா?" என்பார் அவர்.

"வேர் அஸ்திவாரத்துக்கு அடியில போயிருக்குமே?"

"போயிருக்குமோ?"

"ஜன்னல் பெரிசு. மழை வந்தா நேரா உள்ள வந்து உக்காந்துக்கும்."

"ஆமால்ல?"

ஒரு நாள் குழாயைத் திறந்துபார்த்து உச்சுக் கொட்டினேன். இன்னொரு நாள் சுவரில் காதை வைத்து, "உள்ள ஈரம் பேசுது சார்" என்றேன். சுவர் பேசுவதைக் கேட்கும் காது எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. திறமை என்பது தேவைப்படும்போது தானாக வரும். அவரோ மனிதர்களின் விலா எலும்பை ஊடுருவிப் பார்த்தே பழகியவர். என்னை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நாளுக்கு நாள் அவர் முகம் வாடியது. நாளுக்கு நாள் என் முகம் மலர்ந்தது.

"போய்ப் பேசி முடிக்கலாமே" என்றாள் மனைவி ஒரு நாள். "கடைசியாக் கேக்கறேன். கூடம்?"

"இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்" என்றேன். "கூடம் கிடையாது."

"சரி" என்றாள் மறுபடியும்.

மாதக் கடைசி நெருங்கியது. பழம் பழுத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். மச்சினன் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கேட்பது, தெய்வமாவது என்று கிளம்பினேன். எக்ஸ்ரேக்காரர் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க கஷ்டத்தைப் பாத்தா மனசு கேக்கல. இவ்வளவு குறை இருந்தாலும் பரவால்லன்னு நானே வாங்கிக்கலாம்னு..."

"அடடா, வித்தாச்சே!"

"யாருக்கு?"

"முதல்ல ஒரு தம்பி வந்தாரே, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு. அவருக்கும் அவரோட அக்காவுக்கும். நேத்து பத்திரம் பதிஞ்சாச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் கல்லுப்போல் காய்ந்திருந்தது.

"அந்த அடிமட்ட விலைக்கா சார் குடுத்தீங்க?"

"அந்தம்மா கொஞ்சம் கூட்டித்தான் குடுத்தாங்க. ஆனா நான் முதல்ல நினைச்சிருந்த விலை வேற. நீங்கதான் தினமும் வந்து கண்ணைத் திறந்தீங்களே! படி உயரம், வேர், ஈரம்... கேக்கக் கேக்க எனக்கே வீடு அலுத்துப்போச்சு."

"அந்தம்மா யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? உங்க சம்சாரம்தானே! அவங்க ஒளிக்கவே இல்ல. 'அவர் சொல்ற குறையில முக்கால்வாசி கப்சா, நீங்க நம்பாதீங்க'ன்னும் சொன்னாங்க. குழந்தைங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. எல்லாம் இந்தக் கூடத்துல ஓடுச்சுங்க. என் பொண்ணு ஓடின மாதிரியே இருந்துச்சு. அவங்க சொன்ன விலைக்கே போகட்டும்னு விட்டுட்டேன். நாலா வெட்டறவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் குடுக்க மனசு வந்திருக்காது."

"நாலா வெட்டறதா? யாரு அப்படிச் சொன்னது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படம் பிடித்தாகிவிட்டது என்று தெரிந்தது. நான் வெளியே வந்தேன்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். வீட்டில் குழந்தைகள் இல்லை. மனைவி பொம்மைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மச்சினன் மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே! நான் உன்னை நடிக்கத்தானே அனுப்பினேன்?"

"நடிச்சேன் அத்தான். நீங்க சொன்னபடியே மூஞ்சியைச் சுளிச்சேன். நீங்க சொன்னபடியே பாதிக்குக் கேட்டேன். அப்புறம் அக்கா கொஞ்சம் கூட்டிக் கேக்கவும் அவரு குடுத்துட்டாரு. வேண்டாம்னு சொல்றது எப்படின்னு நீங்க ஒத்திகையில சொல்லிக் குடுக்கலையே."

"அவனைத் திட்டாதீங்க" என்றாள் மனைவி. "உங்க திட்டத்துல ஒரு புள்ளியைக்கூட நாங்க மாத்தல. பழைய ஏரியா, மூலைவீடு, குறைஞ்ச விலை. எல்லாம் நீங்க சொன்னதுதான். எவ்வளவு மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க தெரியுமா? அந்தக் காசுல கழிவறைக்குச் சின்னக் குழந்தை உயரத்துல குழாய் வைக்கப் போறோம்."

"பத்திரம் யார் பேர்ல?"

"பணம் போட்டவங்க பேர்ல."

"மூளை போட்டவன்?"

"அதுக்குப் பத்திரத்துல தனியா இடம் எதுவும் இல்லையாம். பதிவு ஆபீஸ்ல கேட்டேன்."

"வாடகை?"

"பெத்தவங்க குடுப்பாங்க. எனக்கு."

ஆனாலும் நான் விடாக்கண்டன். தோற்றவன் மாதிரி மூலையில் உட்கார்வதாக இல்லை. முதலீட்டாளன் இல்லாவிட்டால் என்ன, மேற்பார்வையாளன் ஆகலாமே! கடைக்கு விடுமுறை நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு மூலைவீட்டுக்குப் போனேன். கூடம் அதிர்ந்துகொண்டிருந்தது. குதிரைப்படை தரையில் ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தக்காரத் தோரணையில் கூரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு பெண் குழந்தை என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் ஓடினாள்.

"ஆன்ட்டி, இவரு யாரு?"

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புதுசாச் சேர்ந்திருக்காரும்மா. ரெண்டு நாள் அழுவாரு, அப்புறம் பழகிடுவாரு."